கொண்டை ஊசி வளைவும் காலை மாத்திரையும்

கேள்வி: எனக்கு 51 வயது. சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எடை 82 கிலோ. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால். சென்ற ஆண்டு மகனின் கியர் சைக்கிளை ஓட்டத் தொடங்கி, இப்போது ஞாயிறுதோறும் சமதளத்தில் 40 கிலோமீட்டர் போகிறேன். எங்கள் குழுவினர் அடுத்த மாதம் ஏற்காடு ஏறி, குப்பனூர் வழியாக இறங்கித் திரும்பும் பயணம் ஒன்றை நடத்துகிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். மனைவி வேண்டாம் என்கிறார். ஈ.சி.ஜி. நார்மல். கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவதே இல்லை, இதயம் வலுவாக இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வலது முழங்கால் முன்பக்கம் லேசாக வலிக்கும். புறப்படும்போதே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? நான் போகலாமா, கூடாதா?

பதில்: உங்கள் மருத்துவர் பார்த்துச் சம்மதித்தால் ஏறலாம். இறங்குவதற்கு மட்டும் இந்த முறை காரில் வாருங்கள். உங்கள் மனைவியின் பயமும் உங்கள் ஆசையும் மேலே ஏறுவதைப் பற்றியே இருக்கின்றன. என் பயம் கீழே வரும் வழியில் இருக்கிறது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 82 கிலோ உடம்பையும் பன்னிரண்டு கிலோ சைக்கிளையும் அந்த உயரத்துக்கு மிதித்து ஏற்ற, ஆயிரம் கிலோகலோரிக்கு மேல் எரியும். நிதானமாக ஏறுபவருக்கு அடிவாரத்திலிருந்தே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகலாம். அவ்வளவு நேரமும் தொடைத் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வேலை செய்யும் தசைக்கு இதற்கு இன்சுலினின் தயவுகூடத் தேவையில்லை. கிளிமிபிரைடோ, நீங்கள் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறீர்களா மலையேறுகிறீர்களா என்று பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சறுக்கும்.

சாதாரணமாகச் சர்க்கரை குறைந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். உடம்பு அடிக்கும் மணி அது. அட்டெனலால் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது. நடுக்கமும் படபடப்பும் அடங்கிவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். மலையேறுகிறவன் எப்படியும் நனைந்துதான் இருப்பான். அதை யார் கவனிப்பது?

நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம்வரை சைக்கிளில் போகிறவன்தான், வருடத்தில் சில முறை மேலேயும். ஒரு டிசம்பர் காலை, மேலே ஒரு வளைவில் எண் எழுதிய பலகைக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல குளிர், பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டை மட்டும் பிழியலாம் போல நனைந்திருந்தது. கையில் ஒரு வாழைப்பழம். அதை உரிக்கத் தெரியாமல் காம்பைத் திருகிக்கொண்டே இருந்தார். "என்ன சார்?" என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை, கிளம்பிவிடுவேன்" என்று தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் காம்பைத் திருகினார். பழத்தை நானே உரித்துக் கொடுத்தேன், கூட வந்தவரின் பையிலிருந்து குளுக்கோஸ் பொடியும் கிடைத்தது. கால் மணி நேரத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் எப்போது சைக்கிளிலிருந்து இறங்கினேன்?" அவருக்கும் உங்களைப் போலவே இரண்டு மாத்திரைகள்.

அவர் ஏறும்போது நின்றதால் பிழைத்தார். ஏற்றத்தில் மயக்கம் வந்தால் சைக்கிள் தானே நின்றுவிடும், அதிகம் போனால் முழங்கை சிராய்க்கும். அதே மந்தம் இறக்கத்தில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், எதிரே பஸ் திரும்பும் வளைவில் வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஏறி முடித்த களைப்பில், போட்டோ எடுத்துக்கொள்ளும் உற்சாகத்தில், சாப்பிடாமல் இறங்கத் தொடங்குகிறவர்கள்தான் பெரும்பாலோர்.

எனவே பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் போய், அன்று காலை கிளிமிபிரைடைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று கேளுங்கள். நீங்களாகவே கலப்பு மாத்திரையை உடைக்காதீர்கள். உடைத்தால் இரண்டு மருந்துமே பாதியாகும், அதிலுள்ள மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் உடைக்கவே கூடாது. இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள். அட்டெனலாலை மட்டும் ஒருநாள்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் இதயம் எகிறிக்கொண்டு திரும்பும்.

நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டாததும் இதே மாத்திரையின் வேலைதான். அதை வைத்து இதயத்துக்கு நற்சான்றிதழ் எழுத முடியாது. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் உங்கள் மீட்டர். ஈ.சி.ஜி.யும் நீங்கள் படுத்திருக்கும்போது எடுத்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஐம்பது வயது மூன்றும் கூடியிருப்பதால், டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள். வழியில் நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி ஓடினாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு முட்டினாலோ பயணம் அந்த இடத்திலேயே முடிந்தது. "இன்னும் இரண்டு வளைவுதான்" என்று தட்டிக்கொடுக்கும் நண்பர்களை அன்று மட்டும் பகைவர்களாக நினையுங்கள்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். புறப்படும் முன், பாதி ஏற்றத்தில், மேலே போனதும் என மூன்று முறை பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்ட பிறகே சைக்கிள். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சீரான பிறகும் முக்கால் மணி நேரம் சைக்கிளைத் தொடாதீர்கள், மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். சர்க்கரைக்காரன் இனிப்புத் தின்னலாமா என்ற தயக்கம் அன்றைக்கு வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உள்ளே போகட்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு அதில் குளுக்கோஸ் பதின்மூன்றரை கிராம்தான், பயப்பட வேண்டாம். அன்று இரவு படுக்கும் முன்னும் ஒரு முறை சர்க்கரையைப் பாருங்கள். களைத்த தசை இரவெல்லாம் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும்.

வலி மாத்திரை கூடாது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைத்தான் முதலில் பிடிக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அது பணயம் வைக்கக்கூடிய உறுப்பு அல்ல. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கி நின்றால் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். மகனின் சைக்கிள் என்கிறீர்களே, அவன் உங்களைவிடக் குட்டையா? ஏற்றத்தில் கனமான கியரைப் போட்டு அமுக்காமல், இலேசான கியரில் வேகவேகமாகச் சுற்றுங்கள்.

மருத்துவர் சம்மதித்த பிறகு, முழுப் பயணத்துக்கு முன் ஒரு ஞாயிறு ஆறேழு வளைவுவரை மட்டும் ஏறி, சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து திரும்பும்போதும் கருவியைப் பார்த்துவிட்டே இறங்குங்கள், இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். இப்படி மூன்று, நான்கு ஏற்றங்களின் கணக்கு கையில் இருந்தால், அடுத்த ஆண்டு குப்பனூர் இறக்கத்தைப் பற்றிப் பேசலாம். இந்த ஆண்டு மனைவியைக் காரில் ஏற்காடு ஏரிக்கரைக்கு வரச் சொல்லுங்கள், சாப்பாட்டுக் கூடையும் சைக்கிளைக் கட்டக் கயிறும் அவரிடம் இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா வீட்டில் வெகுநாளாகக் கிடந்ததாக இருந்தால், காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள்.