லூபஸுக்கு கார்-டி பரிசோதனை: தங்கையைச் சேர்க்கலாமா?

கேள்வி: தங்கைக்கு 26 வயது, ஏழு வருடமாக லூபஸ் (எதிர்ப்புசக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்). மருந்து மாற்றிப் பார்த்தும் சிறுநீரில் புரதம் போவது நிற்கவில்லை. கார்-டி சிகிச்சையின் (நோயாளியின் சொந்த ரத்த செல்களை மாற்றித் திரும்ப ஏற்றுவது) முதல் கட்டப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். சேரலாமா?

முதல் கட்டம் நடத்துவதே உடம்பு இதைத் தாங்குகிறதா, எந்த அளவு வரை தாங்கும் என்று பார்க்கத்தான். குணமானால் லாபம், அவ்வளவுதான்.

ஆசை வருவது நியாயம். ஜெர்மனியின் எர்லாங்கனில் 2021-இல் 20 வயதுப் பெண்ணுக்கு இதைக் கொடுத்தார்கள். 2024-இல் வெளியான முடிவில் இருந்த 15 பேரில் 8 பேர் லூபஸ்காரர்கள், எட்டுப் பேருக்கும் நோய் அடங்கி, எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் எட்டே பேர்.

ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற எதிர்ப்புசக்தி செல்களைப் பிரித்து, லூபஸில் உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருளுக்குக் காரணமான பி செல்களைத் தேடி அழிக்கும்படி மரபணுவை மாற்றித் திரும்ப ஏற்றுவார்கள். ஏற்றுவதற்கு முன்னால் ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு என்று சின்னதாக ஒரு கீமோ உண்டு, பலரும் ஒப்புதல் படிவத்தில் இதைத்தான் மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். சைக்ளோபாஸ்பமைடு சினைப்பையைப் பாதிக்கலாம். சிறுநீரகத்துக்காக ஏற்கெனவே அதைப் போட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. கருமுட்டையை உறைய வைக்கும் பேச்சை நீங்களே எடுங்கள், அவர்கள் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், தங்கைக்கு முன்னால் எத்தனை பேருக்கு இதே அளவு கொடுத்தார்கள், என்ன ஆனது என்று கேளுங்கள். 2006-இல் லண்டன் நார்த்விக் பார்க்கில் டிஜிஎன்1412 என்ற வேறொரு புது மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். விலங்குகள் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான், ஆனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் நடுக்கம், வாந்தி, தலைவலி. கடைசியில் ஆறு பேரும் தீவிர சிகிச்சையில். முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்து பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் இறுகியது.

இந்தியாவில் 2019 விதிகளின்படி, பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். சிடிஆர்ஐ (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள். சிகிச்சைக்குப் பணம் கேட்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

என் கருத்து: மைக்கோபினோலேட், டாக்ரோலிமஸ், பெலிமுமாப், ரிடுக்சிமாப் ஆகிய மருந்துகளில் இன்னும் பார்க்காதது இருந்தால் முதலில் அது. எல்லாம் பார்த்தாகிவிட்டது, சிறுநீரகம் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் யோசிக்கலாம். படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, பரிசோதனையில் சம்பந்தப்படாத வாதநோய் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள், தங்கையையும் கூட்டிப் போங்கள், முடிவு அவருடையது. அதுவரை, லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.