மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வது ஏன்? தலைவரைக் கேள்வி கேட்க முடியாதது ஏன்?

இன்டர்நேஷனல் சர்ச்சஸ் ஆஃப் கிறைஸ்ட் பற்றிய கேள்வி இது. 1979-ல் பாஸ்டன் அருகே லெக்சிங்டனில் கிப் மெக்கீன் தலைமையில் வளரத் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம்.

சீஷனாக வாழ முடிவெடுத்த பிறகு பெற்றால்தான் ஞானஸ்நானம் செல்லும் என்று போதித்தார்கள். அதனால் வேறு சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கூட இரட்சிக்கப்படாதவராகவே எண்ணப்பட்டார்.

இதைவிட ஆபத்தாக இருந்தது மேய்ப்பு முறை. ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு வழிகாட்டி இருந்தார். பாவ அறிக்கை, காணிக்கை, யாரைக் காதலிக்கலாம் என்பதுவரை அவரிடம் போகும் நிலை இருந்தது. அந்தரங்கம் மேலே ஏறியது; மேலிருந்தவர்கள் கீழே இருந்தவர்களுக்குக் கணக்குச் சொல்லவில்லை. உச்சியில் மெக்கீன்; அவரைத் தட்டிக்கேட்க ஆளிருக்கவில்லை.

2002-ல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 2003-ல் அந்த இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஹென்றி கிரீட் அதன் நடைமுறைகளைக் கண்டித்து எழுதிய கடிதம் பரவியதும் பல சபைகள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன. மெக்கீன் பிற்பாடு தனி இயக்கம் தொடங்கி அதே முறையைத் தொடர்ந்தார். எனவே உங்களை அழைப்பவர் எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள்.