கேட்டதும் சொன்னதும்: சிவப்பு ரோஜா எம்.எல்.ஏ

கேள்வி: அமெரிக்காவில் ஒரு எம்.எல்.ஏ, அம்மா எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்தாராமே, நிஜமா? ஊட்டி ரோஜாப் பூங்காவில் பக்கத்தில் நின்றவர் சொன்னார். – வாசகி, கோத்தகிரி

பதில்: நிஜம்தான், ஆனால் கடிதத்தோடு நிறுத்தினால் பாதிக் கதை. ஆள் பெயர் ஹாரி பர்ன். டென்னசி மாநிலச் சட்டமன்றத்தில் ஆக இளையவர், 1920-ல் வயது 24. அப்போது அங்கே 48 மாநிலங்கள், 36 ஒப்புக்கொண்டால்தான் பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் திருத்தம் அரசியல் சட்டத்தில் ஏறும். 35 ஆகிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்பதால் இரண்டு தரப்பும் டென்னசியின் தலைநகர் நாஷ்வில்லில் வந்து குவிந்துவிட்டது. ஆதரிப்பவர் சட்டையில் மஞ்சள் ரோஜா, எதிர்ப்பவர் சட்டையில் சிவப்பு. நம்மாள் குத்தியிருந்தது சிவப்பு!

ஆகஸ்ட் 18 அன்று, திருத்தத்தைக் கிடப்பில் போடலாமா என்று இரண்டு தடவை ஓட்டு எடுத்தார்கள். இரண்டு தடவையும் 48-க்கு 48, இரண்டு தடவையும் பர்ன் கிடப்பில் போடும் பக்கம்தான். சரி, திருத்தத்தையே ஓட்டுக்கு விடுவோம் என்றார்கள். பெயர் கூப்பிட்டதும் சிவப்பு ரோஜாக்காரர் 'ஆம்' என்றார், அவ்வளவுதான், திருத்தம் தேறிவிட்டது. அம்மா ஃபெப் பர்ன் எழுதிய ஏழு பக்கக் கடிதம் கையில் இருந்தது. வீட்டுச் சேதி, ஊர்ச் சேதிக்கு நடுவே, ஓட்டுரிமைக்கு ஓட்டுப் போடு, அவர்களைத் தவிக்க விடாதே என்று எழுதியிருந்தார்.

மறுநாள் அவர் கொடுத்த விளக்கம்தான் எனக்குப் பிடித்த இடம். அம்மா பேச்சைக் கேட்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்கிறார், அதே மூச்சில், இதைச் செய்தது கிழக்கு டென்னசி மலையிலிருந்து வந்த குடியரசுக் கட்சிக்காரன் என்று கட்சி சொல்லிக்கொள்ளட்டும் என்றும் கணக்குப் போடுகிறார். மலைக்காரர் என்றதும் நமக்குக் கொஞ்சம் ஒட்டுதல் வரும், ஆனால் அந்த மலையில் கலப்பில்லாத ஆங்கிலோ சாக்சன் (இங்கிலாந்து வழி வந்த வெள்ளையர்) ரத்தம் என்ற பெருமையும் அங்கேயே வருகிறது, அது எனக்கு நெருடுகிறது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் பலரை 1965 வரை ஓட்டுச்சாவடிப் பக்கமே விடவில்லையே.

அந்த வருடத் தேர்தலில் மறுபடி ஜெயித்தார். அப்புறம் வக்கீல், வங்கி, பல வருடம் கழித்து மாநில செனட், 1977-ல் காலமானார்.

நம்ம பக்கமும் பெரிய தூரமில்லை. கோடையானால் ஊட்டிக்கு ஏறி வந்த சென்னை ராஜதானி அரசின் சட்டசபை, 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்துவிட்டது. சொத்துத் தகுதி இருந்தால்தான் ஓட்டு, அதனால் இங்கே கொழுந்து பறித்த பெண்களுக்கு அது எட்டவில்லை.