பார்புடாவில் நாலு ஓட்டு: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா-பார்புடாவின் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லும் ஏஜென்ட், "பார்புடா தொகுதியில் ஒரு தேர்தல் 400-க்கு 400 என்று முடிந்தது. உங்கள் வீட்டில் நாலு ஓட்டு. எம்.பி. உங்கள் பேச்சைக் கேட்பார், கடற்கரை நிலமும் கிடைக்கும்" என்கிறார். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். 400-க்கு 400 நிஜம்தான். மிச்சமெல்லாம் அதன் மேல் ஏற்றிய ஜோடனை.

பார்புடா அந்நாட்டின் சின்னத் தீவு, முழுத் தீவும் ஒரே தொகுதி. 2004 மார்ச் 23-இல் நடந்த தேர்தலில் பார்புடா மக்கள் இயக்கம் என்ற கட்சியின் ட்ரெவர் வாக்கருக்கும் ஆர்தர் நிப்ஸுக்கும் ஆளுக்கு 400. நம் ஊராக இருந்தால் சீட்டுக் குலுக்கி முடித்திருப்பார்கள். அங்கே ஏப்ரல் 20-இல் மறுபடி ஓட்டுப்பதிவு நடத்தினார்கள். வாக்கர் 408, நிப்ஸ் 394. இருவருக்கும் சேர்த்தே 802 ஓட்டுதான். ஏஜென்ட் இந்த எண்ணைச் சொல்லியிருக்க மாட்டார். தீவில் ஊர் என்று இருப்பது காட்ரிங்டன் ஒன்றுதான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஓட்டுப் பதிய அந்தப் பகுதியில் உண்மையாகவே குடியிருக்க வேண்டும். பாஸ்போர்ட் மட்டும் போதாது. அறிமுகமில்லாத நாலு பெயர் பட்டியலில் ஏறினால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, இது ஆளுங்கட்சிக்குத் தலையாட்டும் தொகுதி அல்ல. 1984-இல் ஆளுங்கட்சியான லேபர் 17 இடங்களில் 16-ஐ அள்ளியது. கைக்கு வராத ஒன்று பார்புடா, அங்கே வென்றவர் சுயேச்சை. 1989 முதல் 2004 வரை பார்புடா மக்கள் இயக்கத்தின் ஹில்போர்ன் ஃபிராங்க், பிறகு வாக்கர். 2014-இல் லேபர் சார்பில் நிப்ஸ் பிடித்தார். 2018-லும் 2023-லும் மறுபடி வாக்கர். அங்கே ஓட்டு கேட்பதே நிலப் பிரச்சினையை வைத்துத்தான். 2007-இன் சட்டம் நிலம் பார்புடாக்காரர்களின் பொதுச்சொத்து என்றது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஊரையே காலி செய்ய வைத்த பின், அரசு அந்தச் சட்டத்தை மாற்றியது; வழக்கு லண்டனில் இருக்கும் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அந்த நிலத்தைக் காட்டி ஒருவர் அட்வான்ஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, யாரும் சொல்வதில்லை. இந்தியர் காமன்வெல்த் குடிமகன். சட்டம் கேட்கும் ஆண்டுகள் அங்கே முறைப்படி தங்கியிருந்தால், அந்நாட்டுப் பாஸ்போர்ட் இல்லாமலே வாக்காளராகப் பதியலாம். அதாவது, உண்மையிலேயே போய் வாழ்பவருக்கு ஓட்டுக்காக இந்தப் பாஸ்போர்ட் தேவையில்லை; வாழாதவருக்கு இது ஓட்டு வாங்கித் தராது. இரண்டு பக்கமும் ஏஜென்டின் பேச்சு நிற்கவில்லை. காமன்வெல்த் குடிமகனுக்கு ஓட்டு என்பது பழைய பிரிட்டிஷ் கால ஏற்பாடு. ஆனால் எந்த விளம்பரத்திலாவது ஒரு வரி பார்த்திருக்கிறீர்களா? பாஸ்போர்ட் விற்கும் அரசுகளுக்கு அதைச் சொல்லும் அவசரம் இல்லை.

பயணத்துக்காக மட்டும் வேண்டுமென்றால், 2013-இல் தொடங்கிய முதலீட்டுக் குடியுரிமைத் திட்டம் நிஜமானது. 2024-இல் நன்கொடை 2,30,000 அமெரிக்க டாலர் ஆனது. முதல் ஐந்து ஆண்டுகளில் சட்டம் கேட்கும் நாட்கள் அங்கே தங்க வேண்டும். விண்ணப்பம் போடும் உரிமை உரிமம் பெற்ற ஏஜென்டுக்கு மட்டும். இங்கே பேசுபவர் பெரும்பாலும் அவருக்கு ஆள் பிடிப்பவர். உரிமம் பெற்றவரின் பெயரைக் கேட்டு, அந்நாட்டு அரசின் பட்டியலில் நீங்களே பாருங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். நிராகரித்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அந்தக் குடியுரிமை வந்த அன்றே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்காமல் அதில் பயணம் செய்தால் அபராதம்.