உப்பு போட்டது யார்? (வாசகர் கேள்வி–பதில்)

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, ஜெர்மனியில் இருந்த காலத்தில் அராஜகவாதிகளின் கோடை முகாம் ஒன்றில் பத்து நாள் பாத்திரம் தேய்த்தேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: அராஜகம் என்றால் அட்டூழியம். அட்டூழியக்காரர்கள் கூடி முகாம் போடுகிறார்களாம், அதில் நீங்களும் போய் உட்கார்ந்துவிட்டு வந்ததைப் பெருமையாக வேறு எழுதுகிறீர்கள்! — திண்டுக்கல் வாசகர்

உட்காரவே விடவில்லை ஐயா, அதுதான் என் புகாரே. சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: அ, ராஜகம். ராஜா இல்லாத நிலை. கிரேக்கத்திலிருந்து வந்த அனார்க்கி என்ற சொல்லும் இதே மாதிரி கட்டியதுதான், ஆள்பவர் இல்லாதது. ராஜா இல்லாவிட்டால் ஊர் குட்டிச்சுவர் ஆகிவிடும் என்று நம்பியவர்கள் ஏற்றிவைத்த அர்த்தத்தில்தான் இன்றைக்கும் 'குடிபோதையில் அராஜகம்' என்று செய்தி போடுகிறோம். அரசும் தலைவரும் இல்லாமலே மனிதர்கள் கூடி வாழலாம் என்பதுதான் இவர்கள் கொள்கை. இந்தக் குழப்பம் வேண்டாம் என்று சிலர் அதை அரசின்மைவாதம் என்று எழுதுகிறார்கள்.

இவர்கள் கூடுவது புதிதும் அல்ல. 1872 செப்டம்பரில் ஹேக் நகரில் கூடிய முதலாம் அகிலத்தின், அதாவது பல நாட்டுத் தொழிலாளர் சங்கத்தின், மாநாடு பக்கூனின் என்ற ரஷ்ய அராஜகவாதியை வெளியேற்றியது. பத்து நாள்கூட ஆறப்போடவில்லை, 15, 16 தேதிகளில் அவர் பக்கத்துக்காரர்கள் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில் செயின்ட் இமியே என்ற சின்ன ஊரில் தனியாகக் கூடிவிட்டார்கள். லாஞ்சின்ஸ் கைக்கடிகாரம் கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த ஊர்தான். அந்தப் பக்கத்துக் கடிகாரத் தொழிலாளிகளோடு ஒரு வாரம் பேசிப் பழகியதில்தான் க்ரோபோட்கின் என்ற ரஷ்யப் பிரபு அராஜகவாதி ஆனார். 140 ஆண்டு கழித்து, 2012 ஆகஸ்டில், அதே ஊரில் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து கூடாரம் போட்டார்கள். 150ஆம் ஆண்டுக்கூட்டம் கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய் 2023 ஜூலையில் நடந்தது.

இதைவிட எனக்குப் பிடித்த இடம் நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் ஆப்பல்ஸ்கா. அங்கே 1930களிலிருந்து இவர்களுக்கென்று சொந்தமாக ஒரு முகாம் திடல் இருக்கிறது, பெந்தெகொஸ்தே விடுமுறையில் வருடாவருடம் கூடுகிறார்கள். திடலுக்குள் மது கூடாது. அட்டூழியக்காரர்கள் என்றீர்களே, அதற்காகச் சொன்னேன்.

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறாள். இந்தக் கோடையில் இப்படி ஒரு முகாமுக்குப் போகிறேன் என்கிறாள். இன்டர்ன்ஷிப் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தோம், உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து அவள் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. போகலாமா? — சேலம், ஒரு தகப்பன்

போகலாம். அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள். கூடாரத்தில் தங்குவது, சமைப்பது, பயிற்சி வகுப்பில் உட்காருவது எதுவும் அங்கே குற்றம் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் மகளிடம் பேசிவையுங்கள். முகாம் வேறு, முகாமிலிருந்து கிளம்பிப் போய், பருவநிலையைக் காக்கும் போராட்டம் என்று நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி மறிப்பது வேறு. சில முகாம்களில் இரண்டும் அடுத்தடுத்து நடக்கும். இரண்டாவதில் கைதானால் ஜெர்மன் மாணவருக்கு ஒரு வழக்கு, நம் பிள்ளைக்கு விசாவும் சேர்ந்து சிக்கல். இதை முகாமில் வெளிப்படையாகச் சொன்னாலே போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முகாமிலேயே ஆயிரம் வேலை இருக்கிறது.

அரசியல் கோரிக்கையோடு நடக்கும் முகாம் என்றால் பொதுக்கூட்டம் மாதிரி முன்கூட்டியே அதிகாரிகளிடம் பதிவு செய்வார்கள். தூங்கும் கூடாரமும் கழிப்பறையும்கூடக் கூட்டத்தின் பகுதியா, அதற்கும் கூட்டச் சுதந்திரம் உண்டா என்று பெரிய வழக்கே நடந்தது. ஜெர்மனியின் கார்ட்ஸ்வைலர் நிலக்கரிச் சுரங்கம் பக்கத்தில் 2017-இல் போட்ட முகாம் சம்பந்தமான வழக்கு அது, உண்டு என்று 2022 மே மாதம் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வேடிக்கை என்னவென்றால், பதிவு செய்யும்போது கூட்டத்துக்குப் பொறுப்பான தலைவர் யார் என்று சட்டம் கேட்கும். தலைவரே வேண்டாம் என்பவர்கள் யாராவது ஒருவர் தலையில் அந்தப் பட்டத்தைக் கட்டி அனுப்புவார்கள்.

போலீஸ் பற்றிச் செய்தியில் வருவதை அப்படியே நம்பவும் வேண்டாம். 2008-இல் இங்கிலாந்தில் கிங்ஸ்நார்த் அனல்மின் நிலையம் அருகே நடந்த பருவநிலை முகாமில் 70 போலீஸ்காரர்கள் காயம் என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், குளவி கொட்டியது, வெயில் தாங்காமல் சுருண்டது என்று இந்த ரகம். அமைச்சர் மன்னிப்பு கேட்டார்.

கேள்வி: கல்யாண வீட்டில் 200 பேருக்குச் சமைக்க ஒரு மாஸ்டர் வேண்டும், அவர் அதட்டினால்தான் வேலை நடக்கும். அங்கே மாஸ்டர் யார்? — சமையல் வேலை பார்க்கும் வாசகர், மதுரை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மாஸ்டர் கிடையாது. காலையில் அட்டையில் கட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், காய் நறுக்க எட்டுப் பேர், அடுப்புக்கு நான்கு பேர், கழுவ ஆறு பேர் என்று. வந்து பெயர் எழுதுபவர்தான் அன்றைய சமையல்காரர். ஸ்டூல் மாதிரி குட்டையான கேஸ் அடுப்பு, அதன்மேல் 100 லிட்டர் பாத்திரம், படகுத் துடுப்பு அளவில் மரக்கரண்டி. 200 பேருக்குச் சுமார் 20 கிலோ அரிசி, 40 கிலோ உருளைக்கிழங்கு. இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லை. அதற்குக் கொள்கைக் காரணமும் உண்டு, வயல்வெளியில் ஃபிரிட்ஜ் இல்லை என்ற காரணமும் உண்டு, யார் வந்தாலும் சாப்பிடலாம் என்ற காரணமும் உண்டு. இதையே வேலையாகச் செய்யும் நடமாடும் சமையற்குழுக்கள் இருக்கின்றன. நெதர்லாந்தின் ராம்பன்பிளான் குழு 1981-இலிருந்து வண்டியில் பாத்திரத்தோடு ஊர் ஊராகப் போய், ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போராட்டக் களங்களில் வடித்துக்கொட்டுகிறது.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? மைசூர்ப் பருப்பு கொதிக்கிறது. நான் உப்பு போட்டுவிட்டு வெங்காயம் எடுக்கப் போனேன். ஒரு ஸ்பெயின்காரர் ருசி பார்க்காமலே உப்பு போட்டார். அவர் நகர்ந்ததும் இன்னொரு பெண். மூவருக்கும் நல்ல எண்ணம்தான். அன்று ராத்திரி 200 பேர் கடல்நீரைக் குடித்தார்கள். மறுநாள் காலை பாத்திரத்தின் கைப்பிடியில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது: உப்பு போட்டவர் அளவும் நேரமும் எழுதவும். அதோடு சரியாகிவிட்டது. மாஸ்டர் வைத்திருக்கும் வேலையில் பாதி ஞாபகம் வைத்துக்கொள்வதுதான், அந்த ஞாபகத்தை அட்டையில் எழுதிவிட்டால் மாஸ்டர் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மாஸ்டரின் கைப்பக்குவத்தை அட்டையில் எழுத முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன் அண்ணே, பத்து நாளும் ஒரே ருசி.

கழுவும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு தொட்டி: ஒன்றில் மிச்சம் வழித்துப்போட, அடுத்தது சோப்பு கலந்த சுடுநீர், அப்புறம் நல்ல தண்ணீர், கடைசியில் வினிகர் தண்ணீர். சாப்பிட்டவர் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், பெரிய பாத்திரங்கள்தான் குழுவுக்கு. சோப்புத் தண்ணீரை மாற்ற மறந்தால் முகாமே வயிற்றுப்போக்கில் படுத்துவிடும். நோரோவைரஸ் என்று ஒன்று இருக்கிறது, அது சானிடைசருக்கெல்லாம் அவ்வளவு சுலபமாக அடங்காது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. கழிப்பறை மரத்தூள் போடுகிற வகை. அகதி முகாம்களுக்கென்று வகுத்த ஸ்ஃபியர் அளவுகோலில் 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று இருக்கிறது. 200 பேர் என்றால் பத்துக் கழிப்பறை, 3,000 லிட்டர். முகாம் போட ஆசைப்படுகிறவர்கள் சுவரொட்டி அச்சடிப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடட்டும்.

கேள்வி: எல்லாரும் முதலாளி என்றால் கக்கூஸ் கழுவுவது யார்? — பெயர் வேண்டாம், திருப்பூர்

நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் அட்டையில் 'கலந்துரையாடலை நடத்த' என்ற கட்டம் நிரம்பி வழிந்தது, 'கழிப்பறை' கட்டம் வெள்ளையாக இருந்தது. மூன்று பேர்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள், அவர்களே காலையில் கழிப்பறை, மத்தியானம் அடுப்பு, ராத்திரி பாத்திரம். நான்காம் நாள் அந்த மூவரும் துடைப்பத்தைக் கூடாரத்தின் நடுவில் நட்டுவைத்துவிட்டு, மர நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். சமையலும் இல்லை. பசியோடு இரண்டு மணி நேரம் கூட்டம் நடந்தது. ஒருவர் எழுந்து உழைப்புச் சுரண்டலின் வரலாறு பற்றி ஆரம்பித்தார், பின்னாலிருந்து யாரோ துடைப்பத்தைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தார்கள். கடைசியில் வந்த முடிவு: கழிப்பறைக் கட்டம் நிரம்பாமல் அன்றைய நிகழ்ச்சி எதுவும் தொடங்காது. நானும் அந்தக் கட்டத்தில் முதல் மூன்று நாள் எழுதவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: 200 பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவா? எங்கள் அபார்ட்மெண்ட்டில் 24 பேருக்கே தண்ணீர் மோட்டார் விஷயத்தில் முடிவு வரவில்லை. — சென்னை வாசகி

ஓட்டு கிடையாதும்மா, இணக்கம் வரும்வரை பேசுவார்கள். இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினால் சம்மதம், காதுகேளாதோர் கைதட்டுகிற விதம் அது. பிடிக்காவிட்டாலும் தடுக்கவில்லை என்று ஒதுங்கி நிற்கலாம். மனசாட்சிக்கே ஒவ்வாது என்றால் ஒரே ஆள் தடுக்கலாம். எண்ணிக்கை பெருத்தால் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து பேசி, குழுவுக்கு ஒருவரை அனுப்புவார்கள். அவர் குழு சொன்னதைத்தான் சொல்லலாம், தானாக எதற்கும் தலையாட்ட முடியாது. 1977-இல் அமெரிக்காவின் சீப்ரூக்கில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தை ஆக்கிரமித்துக் கைதான 1,414 பேர் இந்த முறையில் வந்தவர்கள்தான். ராணுவக் கொட்டடிகளில் அடைத்துவைத்திருந்த நாட்களிலும் குழுக்குழுவாக உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். இணக்க முறையில் க்வேக்கர் கிறிஸ்தவர்களின் கூட்டப் பழக்கம் கொஞ்சம் இருக்கிறது. குழு அமைப்பு ஸ்பெயின் அராஜகவாதிகளிடமிருந்து வந்தது.

குறையும் சொல்ல வேண்டும். இரவில் பாட்டு எத்தனை மணி வரை என்பதற்கு மூன்று மணி நேரம் பேசினோம். ஜெயித்தது, நீண்ட நேரம் உட்காரத் தெம்பு உள்ளவர்கள். கைக்குழந்தைக்காரர்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள், உண்மையில் தூக்கம் கெட்டது அவர்களுக்குத்தான். உங்கள் மோட்டார் விஷயத்துக்கு ஒரு யோசனை: யார் பாதிக்கப்படுகிறாரோ, யார் வேலையைச் செய்கிறாரோ அவர்களை மட்டும் உட்காரவையுங்கள், 24 பேர் வேண்டாம்.

கேள்வி: அங்கே காபி கிடைக்குமா? — கும்பகோணம்

கிடைக்கும். ஓட்ஸ் பால் ஊற்றி. அதைப் பற்றிப் பேச வேண்டாமே.

கேள்வி: பணம்? — நாமக்கல்

வாசலில் உண்டியல். ஒரு ஆளுக்கு ஒரு நாள் செலவு இவ்வளவு ஆகிறது என்று கணக்கை எழுதி ஒட்டியிருப்பார்கள், முடிந்தவர் கூடப் போடுவார், முடியாதவர் குறைத்துப் போடுவார், யார் எவ்வளவு என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கணக்கை ஒட்டாமல் 'உங்கள் விருப்பம்' என்று மட்டும் எழுதிய இடங்களில் துண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: போலீஸை நம்பாத இடத்தில் ஒரு பெண்ணிடம் ஒருவன் தவறாக நடந்தால் என்ன செய்வார்கள்? — வாசகி, திருச்சி

இதற்கென்றே ஒரு குழு இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருக்கும், கையில் ஒரு நிறப் பட்டை கட்டியிருப்பார்கள். தனியாகப் பேச ஒரு கூடாரம் உண்டு. புகார் சொன்னவர் என்ன விரும்புகிறாரோ அதைத்தான் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் அந்த ஆளை முகாமைவிட்டு அனுப்புவதில் முடியும். போலீஸுக்குப் போக விரும்பினால் தடுக்கக்கூடாது, கூட ஆள் அனுப்ப வேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் இதில் அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. பெயர் பெற்ற பழைய ஆள் ஒருவர் மீது புகார் வந்தபோது எல்லாரும் தயங்கித் தயங்கி நின்றதை நேரில் பார்த்தேன். அதிகாரமே இல்லை என்கிற இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத அதிகாரம் இருக்கும்.

பேச்சாற்றல் உள்ளவரிடமும் வண்டி வைத்திருப்பவரிடமும்தான் அது சேர்கிறது. மார்க் கென்னடி என்ற லண்டன் போலீஸ் உளவாளி ஏழு வருடம் பிரிட்டனின் இந்த வட்டாரத்தில் கலந்து திரிந்தார். அவரிடம் வண்டி இருந்தது, காசும் இருந்தது, எது வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். 2006-இல் ட்ராக்ஸ் அனல்மின் நிலையம் பக்கத்தில் போட்ட முதல் பருவநிலை முகாமின்போது, ஆள் யாரென்று தெரியாமல் போலீஸே அவரை அடித்துப் போட்டது. 2010-இல்தான் குட்டு வெளிப்பட்டது. வண்டிச் சாவியும் கேஸ் அடுப்பு பற்றவைக்கிற வித்தையும் நான்கு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் முதல் நாளே பிடிவாதமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கேள்வி: ஊருக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டதா? — கோவை வாசகர்

முயன்றேன். வந்த வாரமே எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கவிட்டேன். அம்மா அதைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்.