ஹீட்டர் தனி, ஏசி தனி என்று வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று படுக்கையறைகள். காற்றுக்குழாய் எதுவும் பதிக்கவில்லை. குளிர்காலத்துக்கு ஹீட்டரும் கோடைக்கு ஏசியும் தேவை. சென்ட்ரல், ஸ்பிளிட், ஹீட் பம்ப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இந்தக் குழப்பம் பெயர்களால் வருவது. சென்ட்ரல், ஸ்பிளிட் என்பவை காற்று அறைக்கு எந்த வழியாக வருகிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். சென்ட்ரலில் ஓரிடத்திலிருந்து காற்றுக்குழாய் வழியாக எல்லா அறைகளுக்கும் வரும். ஸ்பிளிட்டில் அந்தந்த அறையில் மாட்டிய உள் யூனிட்டிலிருந்தே வரும். ஹீட் பம்ப் என்பது வெப்பம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதைச் சொல்லும் பெயர். எனவே ஸ்பிளிட்டிலும் ஹீட் பம்ப் உண்டு, சென்ட்ரலிலும் உண்டு.

ஏசி அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. குழாய்க்குள் ஓடும் குளிர்பதன வாயுவின் பாதையை ஒரு வால்வு திருப்பிவிட்டால், வெளிக்காற்றின் வெப்பம் உள்ளே வரும். இதுதான் ஹீட் பம்ப். கம்பிச்சுருள் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். மிதமான குளிரில் ஹீட் பம்ப் ஏறக்குறைய 3 யூனிட் தரும். குளிர் கூடக்கூட இந்தப் பலன் குறையும். கடுங்குளிர் உள்ள ஊரென்றால் அதற்கென்றே வடிவமைத்த மாடலைக் கேளுங்கள். வெளி யூனிட்டில் படியும் உறைபனியை ஹீட் பம்ப் அவ்வப்போது உருக்கிக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்கள் சூடு வராததைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸும், தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரும் கடுங்குளிரிலும் தளராதவை. ஆனால் புகைபோக்கி சரியாக இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும். அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லாமல் அவற்றைப் பொருத்தவே கூடாது.

காற்றுக்குழாய் இல்லாத உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, ஒரு வெளி யூனிட்டில் பல உள் யூனிட்டுகள் இணையும் மல்ட்டி ஸ்பிளிட் ஹீட் பம்ப். ஆளில்லாத அறையை அணைத்து வைக்கலாம். கூரைக்குள் புதிதாகக் குழாய் பதிக்கும் செலவும், அதன் கசிவில் வீணாகும் காற்றும் மிச்சம்.

பெரும்பாலானோர் தவறுவது அளவில்தான். 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் குளிரூட்டும் திறன். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருக எடுக்கும் வெப்பத்திலிருந்து வந்த பெயர். 'இருக்கட்டுமே' என்று பெரிதாக வாங்கினால், அறை சட்டென்று குளிர்ந்து இயந்திரம் நின்றுவிடும். காற்றின் ஈரம் வடியாது. குளிர் இருந்தும் புழுக்கம் போகவில்லை என்று சொல்லும் பலரின் வீட்டில் இதுதான் காரணம். சன்னல் பார்த்த திசை, கூரை, சுவர், அறையில் இருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து அறைவாரியாக வெப்பச் சுமையைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு டன் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.