'பஸ்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கட்டணம் செலுத்தும் எவரும் ஏறிச் செல்லக்கூடிய பெரிய வண்டியே பஸ். 'எல்லோருக்கும்' எனப் பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால்பகுதிதான் இப்பெயர். 1820களில் பிரான்சில், தனி வண்டி அமர்த்த இயலாதவர்களும் பயணம் செய்யும்படி குறித்த தடத்தில் ஓடிய குதிரை வண்டிகளை அவ்வாறு அழைத்தனர். 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் என்ற வண்டி தயாரிப்பாளர் அத்தகைய வண்டியை லண்டனில் ஓட்டத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், இன்று எஞ்சியிருப்பது வேற்றுமை உருபின் ஒரு துண்டு மட்டுமே. 'எல்லோருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் தனித்து நின்று வண்டியைக் குறிப்பதைப் போன்றது இது. கணினியின் பாகங்களை இணைக்கும் மின்தடத்துக்கும் 'பஸ்' என்றே பெயர்; அது பயணிகளைப் போலத் தரவுகளை ஏற்றிச் செல்வதால் அப்பெயர் பெற்றது எனப் பலர் கருதினாலும், பல மின்சுற்றுகளுக்கும் பொதுவாக மின்சாரம் வழங்கிய 'ஆம்னிபஸ்' உலோகப் பட்டையிலிருந்தே அப்பெயர் வந்தது.